50% வரை: கொழும்புக் கடைகளில் விலைச்சீட்டை வாசிப்பது எப்படி

கொழும்புக்கு வந்த புதிதில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் ஒன்றரை வருடம் வேலை செய்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் இரவு முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். தரையில் சட்டைக் குவியல். அந்தக் கிழமை முழுவதும் 1,950 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த அதே சட்டைகள். பழைய விலைச்சீட்டுகளைக் கத்தரித்து எறிந்தோம். புதுச் சீட்டில் 2,990 என்று எழுதி, அதன்மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்து, கீழே 2,090 என்று எழுதினோம். கண்ணாடியில் ஒட்டுவதற்கு "30% கழிவு" என்று ஒரு பெரிய தாள் தயாராக இருந்தது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கே கூட்டம். ஓர் அம்மா தன் இரண்டு பெடியன்களுக்கும் ஒவ்வொன்று எடுத்துவிட்டு, "நல்ல காலம், போன கிழமை வந்திருந்தால் முழுக் காசும் குடுத்திருப்பன்" என்று என்னிடமே சொன்னார். போன கிழமை வந்திருந்தால் அவருக்குச் சட்டைக்கு 140 ரூபாய் மிச்சமாகியிருக்கும். நான் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

அன்றிலிருந்து எந்தக் கழிவைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, எத்தனை வீதம் என்பதல்ல, எதிலிருந்து கழிக்கிறார்கள் என்பதுதான். ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து, முதல் சம்பளத்தோடு கடைக்கு இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் பக்கெட்டைத் திருப்புங்கள்

அடைத்து விற்கிற பொருட்களில் அதிகபட்ச சில்லறை விலை என்று ஒன்று அச்சிட்டிருக்கும். பேச்சில் எல்லோருக்கும் அது எம்.ஆர்.பி. உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அதே மூலையில்தான் இதுவும் இருக்கும். பல நேரம் பக்கெட்டின் மடிப்புக்குள் போய் ஒளிந்திருக்கும், விரித்துப் பாருங்கள்.

அந்த விலைக்குள் வரியும் அடக்கம். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம், ஆனால் நீங்கள் அதைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. 400 என்றால் 400தான் மேல்எல்லை. அதற்குக் கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். மேலே ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். 2021இல் நுகர்வோர் சட்டத்தைத் திருத்தியபின் தண்டப்பணமும் சின்னத் தொகையாக இல்லை: தனியாள் கடைக்காரருக்குக் குறைந்தது ஒரு இலட்சம், கம்பனியாக இருந்தால் குறைந்தது ஐந்து இலட்சம்.

இது அடிக்கடி மீறப்படும் இடம் தண்ணீர்ப் போத்தல். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வர்த்தமானிப்படி 500 மில்லிலீட்டர் 70 ரூபாய், ஒரு லீட்டர் 100, ஒன்றரை லீட்டர் 130. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வாடி நிற்கும்போது, "கூல் பண்ணினது, பத்து ரூபாய் கூட" என்பார்கள். குளிர்ப்பெட்டிக்கென்று தனிக் காசு எந்தச் சட்டத்திலும் இல்லை. அரிசிக்கும் இப்படி உச்ச விலை இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த வர்த்தமானியில் நாட்டரிசி கிலோ 230, சம்பா 240. கட்டுப்பாட்டு விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே மாதத்துக்கு ஒரு தடவை பத்திரிகையில் ஒரு கண் வைத்திருங்கள். அல்லது பக்கத்தில் இருக்கிற அரச கடையான சதொசவுக்குள் நுழைந்து விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாமான் அங்கே வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அரிசி, பருப்பு, சீனிக்கு அந்தப் பலகை நல்ல அளவுகோல்.

விலையின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் மெதுவாக ஓர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் குறைந்த விலை இருந்தால் அந்தப் பொருளை அப்படியே கவுண்டரில் காட்டிக் கேட்கலாம். இறக்குமதிச் சாமானில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் விலையும் கொண்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாத சொக்லேட் யாருடைய சூட்கேஸிலோ வந்தது. சாப்பிடலாம், ஆனால் பழுதாக இருந்தால் போய்க் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு சின்ன வேலை: ஒரே பொருள் இரண்டு எம்.ஆர்.பி.யில் இருக்கலாம், பழைய சரக்கும் புதிய சரக்குமாக. 2022 செப்டெம்பரில் கொழும்பில் நுகர்வோர் விலைகள் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தன. அந்த நாட்களில் ஒரே இறாக்கையில் ஒரே சவர்க்காரம் மூன்று விலையில் கிடந்தது. நாங்கள் கையைப் பின்னால்விட்டுத் தேடுவோம். இப்போது அவ்வளவு இல்லை, ஆனாலும் விலை ஏறிய வாரத்தில் தேடிப் பார்ப்பதில் நட்டமில்லை. குறைந்த விலை அச்சிட்ட பக்கெட்டுக்குக் கூடிய விலை போடக்கூடாது.

சுவரொட்டியில் இரண்டு சிங்களச் சொற்கள்

கடைக் கண்ணாடிகளில் பெரிய எழுத்து பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். சிங்களம் வாசிக்க வராவிட்டால் இரண்டு சொற்களையாவது காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று வட்டம். நமது வட்டமல்ல, அவர்களுக்கு அது விலைக்கழிவு. மற்றது தக்வா, 'வரை' என்று பொருள். "50% தக்வா வட்டம்" என்று யாராவது வாசித்துச் சொன்னால், அந்தத் தக்வாவில்தான் எல்லாமே இருக்கிறது. 50 வீதம் கழிவு எங்கோ மூலையில், யாருக்கும் அளவில்லாத நான்கு காற்சட்டைகளுக்கு. மற்றதெல்லாம் 10 வீதம். தமிழ்ச் சுவரொட்டியிலும் அந்த 'வரை' சின்ன எழுத்தில் 50இன் காலடியில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் கீழே தேடுங்கள், நிபந்தனைகள் உண்டு என்று எறும்பு எழுத்தில் எழுதியிருக்கும்.

நொமிலே என்றால் இலவசம். மில என்பது விலை, அதற்கு முன்னால் ஒரு 'நொ' போட்டால் விலையில்லை. இது தானாகவே ஞாபகத்தில் நின்றுவிடும்.

கிராமுக்கு எவ்வளவு?

பெரிய பக்கெட் மலிவு என்று அம்மாமார் சொல்லித்தந்தது எப்போதும் சரியில்லை. போனில் கணக்குப் பாருங்கள். சலவைத் தூள் 500 கிராம் 330 ரூபாய், ஒரு கிலோ 690 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சின்னது 660தான். பெரியதில் "சேமிப்புப் பொதி" என்று எழுதியிருந்தாலும் சேமிப்பது நீங்கள் இல்லை. ஷம்புவிலும் சஷே சில வேளை போத்தலைவிட மலிவாக வரும். பிஸ்கட்டில் விலையைவிடக் கிராமைப் பாருங்கள். விலையை ஏற்றாமல் பக்கெட்டை மெலியவைப்பது பழைய வித்தை.

சந்தையில் இது வேறு மாதிரி. தெருவோர மரக்கறிக் கடையில் பலகையில் 90 என்று பெரிதாக இருக்கும், பக்கத்தில் சின்னதாக 250. அதாவது கால் கிலோ 90, கிலோ 360. சிங்களத்தில் காலக் என்று கேட்டாலும் கால் கிலோதான். கருவாட்டுக்கும் கஜுவுக்கும் 100 கிராம் விலையே எழுதுவார்கள். மலிவு என்று நினைத்துக் கிலோ சொல்லிவிட்டு, நிறுத்தபின் முழிக்கக்கூடாது. நான் முழித்திருக்கிறேன், காய்ந்த இறாலுக்கு.

தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று சாமான் வைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வியாபாரத் தராசுகளை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் பரிசோதித்து முத்திரை போட வேண்டும். பாண் வாங்கும்போது ஒரு இறாத்தல் பாண் என்று கேட்டாலும், முழுப் பாணின் நியம நிறை 450 கிராம்.

கழிவுக் கணக்கு

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஆனால் கடைக்குள் ஏசியும் பாட்டும் சேர்ந்து அதை மறக்கவைத்துவிடும்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் மூன்றுக்கு இரண்டின் விலை, 33 வீதக் கழிவு. "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" 25 வீதம். இரண்டும் நல்ல கழிவுகளே, மூன்றோ நான்கோ உங்களுக்குத் தேவைப்பட்டால். அறையில் தனியாக இருக்கிறவர் ஆறு யோகட் வாங்கினால் நான்காவதைச் சாப்பிடும்போதே திகதி கழிந்திருக்கும். காலாவதிக்குக் கிட்ட வந்த சாமானைத்தான் பெரும்பாலும் இப்படிக் கட்டுகிறார்கள், திகதியைப் பாருங்கள். இறக்குமதிச் சாமானில் இன்னொரு சிக்கல்: 05/06 என்பது ஜூன் 5ஆ மே 6ஆ என்பது அது எந்த நாட்டில் அச்சானது என்பதைப் பொறுத்தது.

"20% கழிவு, மேலதிகமாக 10%" என்பது 30 வீதமில்லை. 5,000 ரூபாய்ச் சாறிக்கு முதலில் 20 வீதம் போனால் 4,000. அந்த 4,000இல் 10 வீதம் போனால் 3,600. மொத்தம் 28 வீதம். இரண்டு வீதம் பெரிய விஷயமில்லை என்பீர்கள், சரி. ஆனால் 50 உடன் 20 சேர்ந்தால் 60தான், 70 இல்லை.

வவுச்சர் இன்னும் தந்திரமானது. "10,000 ரூபாய்க்கு வாங்கினால் 1,000 ரூபாய் வவுச்சர்" என்றதும் 10 வீதம் என்று மனம் கணக்குப் போடும். பின்பக்கத்தை வாசித்தால், அடுத்த மாதத்துக்குள் 5,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் அது செல்லும். அப்போது 15,000 ரூபாய்ச் சாமானுக்கு 1,000 குறைகிறது, 7 வீதம்கூட இல்லை. அதோடு அந்த இரண்டாவது 5,000 நீங்கள் செலவழிக்க நினைத்திராத காசு. என்னைக் கேட்டால் வவுச்சரைக் கழிவுக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், பொருள் பிடித்திருந்தால் வாங்குங்கள், வவுச்சர் கிடைத்தால் தெருவில் கிடந்த காசு மாதிரி.

வெட்டிய விலைக்கு, அதாவது எங்கள் சிவப்புக் கோட்டுக்கு, கணக்கு உதவாது. அதற்கு ஞாபகம் வேண்டும். பிடித்த பொருளின் விலைச்சீட்டை சேல் இல்லாத நாளில் போனில் படமெடுத்து வையுங்கள். சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார், போதாக்குறைக்கு இப்போது நவம்பரில் கறுப்பு வெள்ளி, வருடத்தில் எத்தனையோ சேல். எந்தச் சேலுக்கும் மூன்று நான்கு கிழமைக்கு முந்திய படம் ஒன்று போதும்.

கார்ட் கழிவுகள்

சுப்பர்மார்க்கெட்டுகளில் நிஜமாகவே பெரிய கழிவு விலைச்சீட்டில் இருப்பதில்லை, வங்கிக் கார்டில் இருக்கிறது. குறிப்பிட்ட கிழமை நாளில், குறிப்பிட்ட வங்கியின் கார்டுக்கு மரக்கறி, பழம், மீனுக்கு 20, 25 வீதம் என்று போடுவார்கள். கவுண்டருக்குப் போகும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: கிரெடிட் கார்டுக்கு மட்டுமா டெபிட்டுக்குமா, எந்தச் சாமானுக்கு, குறைந்தபட்ச பில் எவ்வளவு, கழிவுக்கு உச்ச எல்லை எவ்வளவு. கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. 15 வீதம், ஆனால் உச்சம் 1,000 என்றால், 12,000 ரூபாய் பில்லுக்குக் கிடைப்பது 1,800 இல்லை, 1,000தான். அதாவது 8 வீதம் சொச்சம். அந்த மாதிரிக் கார்டில் பில்லை ஏழாயிரத்துக்குக் கிட்டவே நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம், கிரெடிட் கார்ட் காசை மாதக் கடைசியில் முழுவதும் கட்டுகிறவருக்கு மட்டும்தான் இந்தக் கழிவு கழிவு. மிச்சம் வைத்தால் வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி ஓடும், கத்தரிக்காயில் மிச்சம் பிடித்ததை வங்கி எடுத்துக்கொள்ளும்.

கீல்ஸின் நெக்ஸஸ், ஆர்பிகோவின் பிரிவிலேஜ் மாதிரி கடைகளின் சொந்த அங்கத்துவ அட்டைகளைப் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை, எடுத்து வையுங்கள். கவுண்டரில் போன் நம்பர் சொன்னால் போதும். புள்ளிகளுக்காகக் கூட வாங்காமல் இருந்தால் சரி. கோகோ, மின்ட்பே போன்ற தவணைச் செயலிகளில் மூன்று தவணையாகக் கட்டுவதும் அப்படியே: தவணை தவறாதவருக்கு வட்டியில்லை, தவறினால் தண்டம் உண்டு.

சில கடைகளில் கார்டை நீட்டினால், "கார்டுக்கு மூன்று வீதம் கூட" என்பார்கள். அது வங்கி கடைக்காரரிடம் அறவிடும் கட்டணம். அதை வாடிக்கையாளரின் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. கார்ட் தந்த வங்கிக்கு அறிவிக்கலாம். நடைமுறையில், "அப்ப வேண்டாம் அண்ணை" என்று பொருளைத் திருப்பி வைத்தாலே பாதிக் கடைகளில் மூன்று வீதம் மறைந்துவிடும்.

கவுண்டரில் கண் திரையில்

இறாக்கையில் இருக்கிற சீட்டும் கணினியில் இருக்கிற விலையும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் மாற்றுபவை. சலுகை ஞாயிறு இரவோடு முடிந்தால் கணினி நள்ளிரவில் மாறிவிடும். சீட்டைக் கழற்ற வேண்டிய பெடியன் திங்கள் காலை பத்து மணிக்குத்தான் அந்த வரிசைக்கு வருவான். இடையில் வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார்.

எனக்கு ஒரு சுப்பர்மார்க்கெட்டில் தேங்காய்ப்பால் மாவுக்கு அப்படி நடந்தது. சீட்டில் 480, திரையில் 560.

"தங்கச்சி, இதுக்கு அங்க 480 எண்டு போட்டிருக்கு."

"அண்ணா, அந்த ஓஃபர் நேற்றோட முடிஞ்சுது."

"முடிஞ்சிருக்கலாம் தங்கச்சி. சீட்டு இன்னும் தொங்குது. படம் எடுத்திருக்கிறன், பாருங்கோ."

அந்தப் பிள்ளை மேற்பார்வையாளரைக் கூப்பிட்டது. அவர் ஓர் ஆளை அனுப்பிச் சீட்டைப் பார்த்துவரச் சொல்லி, அந்த ஆள் வந்ததும் 480க்கே போட்டுத் தந்தார். மூன்று நிமிடம். பின்னால் நின்றவர் ஒரு பெருமூச்சு விட்டார், அது கணக்கில் வராது. கவனிக்க வேண்டியது: காசு கொடுக்கும் முன் கேட்டேன், சத்தம் போடவில்லை, படம் இருந்தது. காசாளரிடம் கோபப்படுவதில் பயனில்லை, விலை போடுகிறவர் அவர் இல்லை. சிங்களம் பேசும் காசாளரானால் மல்லி (தம்பி), நங்கி (தங்கச்சி) என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

அடைக்காமல் நிறுத்து விற்கிற மரக்கறியில் பிழை வேறு விதம். நிறுத்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் குறியீட்டை மாற்றி அழுத்தினால் உள்ளூர்ப் பெரிய வெங்காயம் இறக்குமதியாகிவிடும், அல்லது மறுபக்கமாக. ஸ்டிக்கரில் பெயரை வாசித்துவிட்டுக் கூடையில் போடுங்கள். சில்லறை இல்லை என்று டொபி தந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். பில்லில் பைக்கு ஒரு வரி வந்திருந்தால் பிழையில்லை: 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து துணிப் பை ஒன்று கொண்டுபோங்கள்.

புறக்கோட்டையில் மூலை எழுத்து

வெள்ளவத்தையிலிருந்து 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் காலி வீதி வழியாக நேரே புறக்கோட்டைக்குப் போகும். சிவப்புப் பள்ளிவாசல் இருக்கும் இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் துணி, முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம், நான்காம் ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் பருப்பு, சீனி, மிளகாய் மொத்த வியாபாரம். அறைக்கு ஒரு கிலோ பருப்பு வாங்க ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் போகாதீர்கள், பஸ் காசும் வியர்வையும் சேர்த்தால் நட்டம். நான்கு பேர் சேர்ந்து மாதச் சாமான் எடுப்பதானால் போகலாம்.

இங்கே விலைச்சீட்டு கையால் எழுதியது, 1,850/= என்று. அந்த இரட்டைக் கோடு ரூபாய் முடிந்தது, சதம் இல்லை என்பதற்கு, வேறொன்றும் இல்லை. ஆனால் சீட்டின் மூலையைப் பாருங்கள். சில கடைகளில் இரண்டு மூன்று எழுத்துகள் பென்சிலால் கிறுக்கியிருக்கும். நான் வேலை செய்த கடையிலும் இருந்தது. பத்து வேறு எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை முதலாளி வைத்திருந்தார், முதல் எழுத்து 1, கடைசி எழுத்து 0. அந்த எழுத்துகளால் எழுதியது கொள்விலை. விற்கிற பெடியனுக்கு எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று தெரியவேண்டுமே. அந்தச் சொல்லை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், தேவையும் இல்லை. நீங்கள், "கடைசி விலை என்ன?" என்றதும் பெடியன் சீட்டைத் திருப்பி மூலையைப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்த்தால் இறங்க இடம் இருக்கிறது. பார்க்காமலே தலையை ஆட்டினால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள்.

சிங்களக் கடைக்காரரானால் கீயத என்று விலை கேட்டு, அடு கரன்ன புளுவன்த என்று குறைக்கச் சொல்லலாம். உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் சிரித்துக்கொண்டே நூறு ரூபாய் குறைப்பார்கள். ஒரு விஷயம் மட்டும்: நீங்களாக ஒரு விலை சொல்லி அவர் சரி என்றுவிட்டால் எடுத்துவிடுங்கள். பேரம் பேசி இறக்கிவிட்டு நடந்துபோவது அங்கே மரியாதையில்லை, அதுவும் காலையில் முதல் வியாபாரத்தில். "நிலையான விலை" என்று பலகை தொங்கும் கடையில் பேரம் வேண்டாம், ஆனால் மூன்று எடுத்தால் குறைப்பீர்களா என்று கேட்கலாம். அது பேரத்தில் சேர்த்தியில்லை என்பது புறக்கோட்டை வழக்கம்.

பெரிய சாமான்

குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரத்துக்கு "12 மாதம், வட்டி 0%" என்று இருந்தால், உடன் காசுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தவணைக்கு 180,000, கையில் கொடுத்தால் 165,000 என்றால், அந்த 15,000தான் வட்டி, பெயர் மட்டும் வேறு. இரண்டு விலையும் ஒன்றானால் தவணை நிஜமாகவே இலவசம், எடுக்கலாம்.

கணினிக் கடைகளில் ஒரு வருட உத்தரவாதம் என்பார்கள், பில்லின் அடியில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த 15 நாளுக்குள்தான் என்னுடைய திரை போனது. மேற்கோள் விலை தரும்போது "வற் தவிர்த்து" என்று இருந்தால் 18 வீதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வற் அறவிடும் கடைக்கு வற் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு 7000 என்று முடியும், பில்லில் தேடிப்பாருங்கள். இலக்கம் இல்லாமல் வற் மட்டும் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

செட்டியார் தெருவில் நகைக்கு, "செய்கூலியில் 50% கழிவு" என்று பெரிதாகப் போடுவார்கள். பவுண் எட்டுக் கிராம். தங்கத்தின் விலை அன்றைய சந்தை விலை, அதில் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் வராது. செய்கூலியும் சேதாரமும்தான் கடைக்காரர் கையில். செய்கூலியைப் பாதியாக்கிச் சேதாரத்தில் கூட்டினால் உங்களுக்குத் தெரியவராது. ஆகவே இதே நகை, இதே நிறை, எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு என்ற ஒரே எண்ணை மூன்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டால்

பில் வேண்டும். கேட்டால் கடைக்காரர் தந்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. விலைப் பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எம்.ஆர்.பி.க்கு மேலே வாங்கினால், விலையை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டினால், பொய்க் கழிவு காட்டினால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பழுதான பொருள், உத்தரவாதத் தகராறு போன்றவற்றுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். பில்லின் பிரதி, பொருளின் படம், கடையின் பெயர், முகவரி, நாள் இவற்றோடு கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகலாம். சுப்பர்மார்க்கெட் பில் வெப்பத்தாளில் அச்சாவது, பேர்ஸில் கிடந்தால் இரண்டு மாதத்தில் வெறும் வெள்ளைத்தாள். வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள்.

நான் வேலை செய்த அந்தக் கடை இன்னும் இருக்கிறது. சட்டைகள் நல்ல சட்டைகள், அதைச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு ஒரு மாதம் முந்தி, கண்ணாடியில் தாள் ஒட்டாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்துப் போவேன். பெடியன்கள் மாறிவிட்டார்கள், ஒருவருக்கும் என்னைத் தெரியாது. கடைசி விலை கேட்பேன், பெடியன் சீட்டைத் திருப்பி மூலையைப் பார்ப்பான். அந்தப் பத்து எழுத்துச் சொல்லை முதலாளி இன்னும் மாற்றவில்லை.